கம்ப்யூட்டர் ஒரு பங்கு, அப்பா மூன்று பங்கு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே மலையில் குளிர் எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, போன தடவை எழுதிய இருமல் விட்டதா என்று மறக்காமல் எழுது. போன் டவர் இல்லாத காட்டில் போய்க் கரண்ட் டவர் நடுகிறவன் நீ ஒருத்தன்தான். உன்னால் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன கையெழுத்து திரும்ப வந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவை நீதான் கண்டிக்க வேண்டும். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஸ்விட்ச் இன்ஸ்பெக்டர். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, அது எட்டுகிற தூரம் வரைக்கும் நடந்து, கண்ணில் படுகிற ஸ்விட்சை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் மூச்சு வாங்க உட்காருவார். பஸ் டிப்போவில் பெயிண்ட் அடித்து அடித்து நுரையீரல்தான் போனதே தவிர, அதிகாரம் போகவில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். சட்டையின் கை, காலர், முதுகு எல்லாத் துண்டுகளையும் துணியின் அகலத்துக்குள் இடைவெளி இல்லாமல் அடுக்கி, கம்பெனிக்கு வெட்டுவதற்கான படம் அனுப்ப வேண்டும். அந்த அடுக்கலைக் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் தானே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் முடிக்கும். நடுவில் நின்றால் மறுபடியும் முதலிலிருந்துதான். நேற்று துணி காயப்போட மாடிக்குப் போனேன். இறங்கி வருவதற்குள் இன்ஸ்பெக்டர் வேலையை முடித்துவிட்டார். கேட்டால், "ஆளில்லாத ரூம்ல அது பாட்டுக்கு ஓடுது. அந்தப் பொட்டி எவ்வளவு கரண்ட் குடிக்கும் தெரியுமா?" என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் சொன்னால் அவர் காதில் ஏறாது. கரண்ட் விஷயத்தில் அவருக்கு நீ சொல்வதுதான் வேதவாக்கு. வீட்டுக் கம்ப்யூட்டர் அப்படியொன்றும் குடிப்பதில்லை என்று அவருக்குப் புரிகிற மாதிரி எழுது. வழக்கம்போல் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும்,

உங்கள் சின்னவன் எழுதுகிறேன். இருமல் போய்விட்டது, குளிர் போகவில்லை. வாராவாரம் சாமான் ஏற்றி வரும் லாரிதான் எங்களுக்குத் தபால்காரர். அப்பாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது?

அக்கா, இனி வருவதைச் சத்தமாகப் படி.

அப்பா, கம்ப்யூட்டரைப் பார்த்தால் பெரிய பெட்டியாக, காற்றாடி சத்தத்தோடு பயமுறுத்தும்தான். ஆனால் அது அவ்வளவாக எடுக்காது. நம் வீட்டு மின்விசிறி இரண்டு ஓடினால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டி முன்னால் அது வெறும் குழந்தை. இன்னும் புரியும்படி சொல்கிறேன். அக்காவின் கம்ப்யூட்டர் ஒரு பங்கு கரண்ட் எடுக்கிறது என்றால், உங்கள் ஆக்சிஜன் மெஷின் மூன்று பங்கு எடுக்கிறது. அது நாள் முழுக்க வேறு ஓடுகிறது. வீட்டில் கரண்ட் குடிப்பதில் முதல் பரிசு உங்களுக்குத்தான்! அதனால் அந்த அப்பாவிப் பெட்டியை விட்டுவிடுங்கள். அக்கா சம்பாதித்துப் போடட்டும்.

இங்கே ஒரு டவரை எழுப்பிவிட்டு அடுத்ததற்கு ஏறிக்கொண்டிருக்கிறோம். மேஸ்திரி என்னை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார். பயப்படாதீர்கள், இடுப்பில் பெல்ட் உண்டு.

உங்கள் சின்னவன்


ஏப்ரல் 1

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் எழுது. மேல்தட்டு என்று படித்ததிலிருந்து அப்பா தினமும் பெல்ட்டைப் பற்றித்தான் கேட்கிறார்.

உன் கடிதம் மந்திரம் போட்ட மாதிரி வேலை செய்தது. படித்து முடித்ததும், "மூணு பங்கா?" என்று ஒரு தடவை கேட்டார். "மூணு பங்குதான், இந்தா பாருங்க" என்று காட்டினேன். முதல் பரிசு என்ற இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன், அவரும் லேசாகச் சிரித்தார். அன்றிலிருந்து என் அறைப் பக்கம் கூட வருவதில்லை. இன்ஸ்பெக்டர் ராஜினாமா செய்துவிட்டார்.

இப்போது வேறு தலைவலி. வெயில் ஏறிவிட்டதால் மத்தியானத்தில் கரண்டை எடுக்கிறார்கள். முன்பு அரை மணி நேரத்தில் வரும், இப்போது எப்போது வரும் என்றே சொல்ல முடியவில்லை. இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரும் அப்பாவின் மெஷினும் சேர்ந்து ஓட, பாதியிலேயே பேட்டரி கீக் கீக் என்று கத்த ஆரம்பித்துவிடுகிறது. அந்தச் சத்தம் கேட்டாலே அப்பா அறைக்கு ஓடுகிறேன். முந்தாநாள் நின்றேவிட்டது. நல்லவேளையாக உடனே கரண்ட் வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த அவசர சிலிண்டர் கொஞ்ச நேரத்துக்குத்தான் வருமாம்.

கம்பெனியில் ஒரு பெரிய ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிச் சீருடை, எல்லா அளவும். இதை முடித்தால் இன்னொரு பேட்டரி வாங்கிவிடலாம், அப்புறம் இந்தப் பயமே இல்லை. முடிக்கவோ கம்ப்யூட்டர் ஓட வேண்டும். என்ன செய்வது, சொல்.

உன் அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பெல்ட்டும் சுகம் என்று அப்பாவிடம் சொல்.

பேட்டரி விஷயம் விளையாட்டில்லை. இருக்கிற பேட்டரி மெஷினை மட்டும் என்றால் கஷ்டப்பட்டுக் கரை சேர்க்கும். இரண்டையும் தாங்காது. கரண்ட் போனதும் கம்ப்யூட்டரை அணைத்துவிடு. ஆர்டர் போனால் போகட்டும், அப்பா மெஷினுக்குத்தான் முதல் உரிமை. என் சம்பளம் மொத்தமும் மருந்துக் கடைக்கே போகிறது என்று எனக்குத் தெரியும். இந்த மலை முடிந்தால்தான் மிச்சத் தொகையைக் கொடுப்பார்கள். அதுவரை பொறு.

இன்னொன்று. பேட்டரியில் தண்ணீர் குறைந்திருக்கலாம். கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்கி, குறி வரைக்கும் ஊற்று. கொஞ்சம் தெம்பு வரும்.

உன் தம்பி


ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த வாரம் லாரி வந்ததா?

உன் கையைக் கொடு, கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். நீ சொன்னபடி தண்ணீர் வாங்கி ஊற்றினேன். அன்றைக்குச் சும்மா சோதித்துப் பார்ப்போம் என்று கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டேன். கத்தினால் அணைத்துக்கொள்ளலாம் என்று இன்வெர்ட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கத்தவே இல்லை! மறுநாளும் கத்தவில்லை. கரண்ட் வருகிற வரைக்கும் கம்ப்யூட்டர் கம்மென்று ஓடுகிறது, பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். தண்ணீரில் இவ்வளவு இருக்கிறதென்று தெரியாமல் பயந்து செத்தேன். சீருடை ஆர்டரில் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

அப்பாதான் கொஞ்சம் சோர்வாக இருக்கிறார். வெயில்தான் காரணமாக இருக்கும். கரண்ட் போனதும், "நீ வேலையைப் பாரு, நான் தூங்குறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார். சாயங்காலம் டீ கொண்டுபோனால் முகம் வெளிறி, வியர்த்துக் கிடக்கிறார். கால் வீங்கியிருக்கிறது. காலையில் வந்து பார்த்துவிட்டுப் போன நம் தெரு நர்ஸ் சாயங்காலமும் வந்து, விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, காலையில நல்லாதானே இருந்துச்சு?" என்று மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது.

அப்பா உனக்கு இரண்டு வரி சொல்லச் சொல்கிறார். அப்படியே எழுதுகிறேன்: "சின்னவனே, உன் கணக்கு கரெக்டா இருக்கு. அக்கா ஆர்டரு முடிஞ்சிரும். நீ அவசரப்பட்டு மேல ஏறாத."

உன் அக்கா


மே 6

அக்கா,

இதைச் சத்தமாகப் படிக்காதே. அப்பா பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிட்டு, தனியாகப் போய்ப் படி.

சுகம் விசாரிக்க நேரமில்லை. தண்ணீர் ஊற்றினால் பேட்டரி அப்படித் தாங்காது. கொஞ்சம் தெம்பு வரும் என்றுதான் சொன்னேன். கம்ப்யூட்டர் நாள் தவறாமல் ஓடி, பாதி பேட்டரி மிச்சம் இருக்கிறதென்றால் அதில் கம்ப்யூட்டர் மட்டும்தான் ஓடியிருக்கிறது. மெஷின் ஓடவில்லை. எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் வேறு கணக்கு வரமாட்டேன் என்கிறது.

அப்பா கதவைச் சாத்திக்கொண்டு மெஷினை அணைத்துவிடுகிறார். கரண்ட் வந்ததும் போட்டுவிடுகிறார். நர்ஸ் வரும்போது ஓடத்தான் செய்யும். சாயங்காலம் முகம் வெளிறுவது வெயிலால் இல்லை.

மூன்று பங்கு என்று எழுதினேனே. முதல் பரிசு என்று எழுதினேனே. வேடிக்கையாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன் அக்கா.

கரண்ட் போனால் அவர் பக்கத்திலேயே உட்கார். கதவைச் சாத்த விடாதே. கம்ப்யூட்டரைத் தொடாதே.

தம்பி


மே 10

அன்புள்ள தம்பிக்கு,

பதறாமல் படி. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். முந்தாநாள் சாயங்காலம் டீயோடு போனேன், எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. உதடு நீலமாக இருந்தது. கீழ்வீட்டு டிரைவர்தான் தூக்கி வண்டியில் போட்டார்.

இப்போது கண் திறந்து பார்க்கிறார். பேச விடவில்லை. டாக்டர், "மெஷின் ஒழுங்கா ஓடுதாம்மா? டியூப் மடங்கிப் போச்சா?" என்று என்னைக் குற்றவாளி மாதிரி கேட்கிறார். மெஷினும் ஓடுகிறது, பேட்டரியும் தாங்குகிறது, நானும் வீட்டிலேயே இருக்கிறேன். என்ன குறை வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ரொம்ப நாளாகவே உடம்புக்குக் காற்று பற்றாமல் இருந்து, இதயம் பலவீனமாகிவிட்டதாம். எப்படிப் பற்றாமல் போகும்?

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. மலையில் மழை என்று டிவியில் காட்டினார்கள். நீ நன்றாக இருக்கிறாய் என்று ஒரு வரி போடு.

அக்கா


மே 13

அக்கா,

நான் போன வாரம் எழுதிய கடிதம் உனக்கு வந்திருக்காது. மழையில் பாதை சரிந்துவிட்டது. லாரி கீழேயே நிற்கிறது. என் கடிதம் ஆபீஸ் கூடாரத்தில் சாக்குப்பையில் கிடக்கிறது. தினமும் போய்ப் பையை அவிழ்த்துப் பார்க்கிறேன். நான் பார்ப்பதால் அது நகரப் போவதில்லை.

ரேடியோவில் கீழ் ஆபீசுக்குச் சொல்லச் சொன்னேன். அது நனைந்து ஊமையாகிவிட்டது. மேஸ்திரியிடம் நடந்தே இறங்குகிறேன் என்றேன். "எங்க இறங்குவ? பாதையே இல்ல. உங்கப்பாவுக்கு ஒண்ணுன்னு போயி, உனக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்று என் பெல்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். சரிவின் விளிம்பு வரைக்கும் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

இந்த மலையில் நாங்கள் இழுக்கிற கம்பி நாளைக்கு ஒரு ஊருக்கே கரண்ட் கொண்டுபோகும். அந்த ஊரில் யாருக்கும் மத்தியானம் கரண்ட் போகாது. எனக்கோ வீட்டில் ஒரு ஸ்விட்சைப் போடு என்று சொல்ல வழியில்லை. இப்போது மத்தியானம். உங்களுக்குக் கரண்ட் போயிருக்கும்.

இதையும் அந்தப் பைக்குள்தான் போடப் போகிறேன்.

தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இரண்டும் ஒரே நாளில் வந்தன. நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்ததே போதும். அப்பாவும் வீட்டுக்கு வந்துவிட்டார். எழுந்து நடக்க முடியவில்லை, ஆனால் பேசுகிறார். டாக்டர், இனி ஒரு மணி நேரம் கூட மெஷின் நிற்கக் கூடாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நீ சொன்னபடி தனியாகத்தான் படித்தேன். அப்புறம் போய்க் கேட்டேன். அப்பா மெஷின் சத்தம் பிடிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, அதனால்தான் மத்தியானத்தில் அணைத்தேன் என்றார். அவ்வளவுதான் விஷயம். உன் கடிதத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உயரத்தில் நிற்கிறவன் இதையெல்லாம் நினைக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மிச்சமிருந்த சீருடை ஆர்டரை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். முடித்த வரைக்கும் வந்த கூலி ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது, இன்னொரு பேட்டரி இப்போதைக்கு இல்லை. கம்ப்யூட்டர் மேல் துணி போட்டு மூடிவிட்டேன். விற்றுவிடலாமா என்று பார்க்கிறேன். அதைக் கேட்டதும் அப்பா சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்கு நீ ஏதாவது எழுது. நீ சொன்னால் கேட்பார்.

உன் அக்கா


ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும்,

நான் சுகம். அப்பா வீட்டுக்கு வந்தது தெரிந்து அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். அக்கா, இதைச் சத்தமாகப் படி.

அப்பா, நான் பெரிய தப்புச் செய்துவிட்டேன். மூன்று பங்கு என்று எழுதியது மொத்தமும் தப்புக் கணக்கு. உங்கள் மெஷினின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் போட்டிருந்ததை வைத்து எழுதிவிட்டேன். அது மெஷினை முதலில் போடும்போது எடுப்பது. அப்புறம் அது சும்மாதான் சுற்றும். நீங்கள் மூச்சை இழுக்கும்போது மட்டும் கொஞ்சம் எடுக்கும், விடும்போது எடுக்காது. மொத்தத்தில் ஒரு சின்ன பல்ப் எரிகிற அளவுதான். இங்கே இஞ்சினியரிடமும் கேட்டுவிட்டேன், அவரும் அதையேதான் சொன்னார். நீங்கள் அணைத்து மிச்சம் பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை.

அக்கா, கம்ப்யூட்டரை விற்காதே. கரண்ட் இருக்கும்போது வேலை செய், போனால் அணைத்துவிடு. அப்பா, கரண்ட் போனாலும் வந்தாலும் உங்கள் மெஷின் ஓடட்டும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உங்கள் சின்னவன்


ஜூன் 29

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

உன் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். நானும் நீயும் சேர்ந்து பொய் சொல்கிற மாதிரி இருந்தது, ஆனாலும் நிறுத்தாமல் படித்துவிட்டேன். அப்பா முழுதும் கேட்டார். மூச்சு விடும்போது எடுக்காது என்ற இடத்தில் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, நான் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியதாகிவிட்டது. "இந்த மெஷினுக்குள்ள இருக்கிறதும் கம்ப்ரஸர்தான். ஆயுசு பூரா கம்ப்ரஸர் வச்சு பெயிண்ட் அடிச்சவன்கிட்ட கதை விடுறான் பாரு. பாவம், அவனுக்குப் பொய் சொல்லவே வரல" என்றார்.

உன்னிடம் இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது. சத்தம் பிடிக்கவில்லை என்று நான் எழுதியது நானாகச் சொன்னது. அன்றைக்குக் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "ஒருத்தன் மூச்சு விடுறதுக்கு மூணு பங்கு. ஒருத்தி குடும்பத்தைக் காப்பாத்துறதுக்கு ஒரு பங்கு. எதை நிறுத்துறதுன்னு யாரையாச்சும் கேக்கணுமா?" உனக்குத் தெரியக் கூடாது என்று கையை நீட்டிச் சத்தியம் கேட்டார். நானும் அடித்துக் கொடுத்தேன். இப்போது அதையும் மீறிவிட்டேன்.

வெயில் குறையவில்லை. கரண்ட் முன்னைவிட அதிகமாகப் போகிறது. போனதும் நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன். அவர் கையை நீட்டி மெஷினை அணைக்கிறார். நான் போடுகிறேன், அவர் மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிடுகிறார். "நீ பொட்டியைப் போடு, நானும் மாட்டிக்கிறேன்" என்கிறார். இரண்டும் ஓடினால் பேட்டரி பாதியில் நின்று, அப்புறம் மெஷின் அவருக்கு வேண்டும் என்றாலும் ஓடாது. அதைச் சொன்னால், "அப்ப எனக்கு வேண்டாம்" என்கிறார். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் கையைப் பிடித்துக் கட்டாயமாக மாட்டினேன். அவருக்கு மூச்சு வாங்கியதில் நானே விட்டுவிட்டேன். நான் மல்லுக்கட்டினால் தாங்க அவர் உடம்பில் பலம் இல்லை தம்பி, அதனால் என்னால் ஜெயிக்க முடியவில்லை.

நீ எழுதி இனிப் பயனில்லை. எந்த எண்ணைப் போட்டு எழுதினாலும் அவர் அதை எனக்குச் சாதகமாகத்தான் திருப்புவார். மலையை முடித்துவிட்டு வந்து சேர், அதுவரை மேலே ஜாக்கிரதை.

இப்போதும் கரண்ட் இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டரை நான் அணைத்துவிட்டேன், மெஷினை அவர் அணைத்துவிட்டார். அவர் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்தான் வீட்டில் கேட்கிறது. இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிகிறது. பேட்டரி முழுசாக இருக்கிறது.

உன் அக்கா